டேங்க் காற்று வால்வு: அழுத்தத்துக்குச் சரி, பெட்ரோல் வாடைக்கு உதவாது

பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் என் பழைய கார்புரேட்டர் கார், புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் எல்லாம் கழற்றப்பட்ட நிலையில்தான் என் கைக்கு வந்தது. பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி நிரம்பிய டப்பா, அதாவது கேனிஸ்டர், இருந்த இடத்தில் வெறும் தாங்கி. டேங்கிலிருந்து வரும் ஆவிக் குழாயின் வாயில் யாரோ ஒரு போல்ட்டைச் செருகிக் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார்கள். மூடியும் காற்றுப் புகாத வகை. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி எஞ்சின் திணறும். மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே பாயும், வண்டி மறுபடி ஒழுங்காக ஓடும். வெயிலில் நின்ற பிறகு திறந்தாலோ ஆவி முகத்தில் அடிக்கும்.

இதற்காகத்தான் டேங்குக்குள் காற்று போய்வர வழிவிடும் இந்த வால்வுத் தொகுப்பை வாங்கினேன். அலுமினிய உடல், உள்ளே எஃகுக் குண்டு, தலையில் வெண்கலத் துகள் வடிகட்டி. கூடவே கொஞ்சம் ரப்பர் ஹோஸ், இரண்டு கிளாம்புகள்.

வால்வைக் குறை சொல்ல முடியாது. பொருத்துவதற்கு முன்பே ஊதிப் பார்த்தேன். நிமிர்த்திப் பிடித்தால் இரு திசையிலும் காற்று தடையின்றிப் போகிறது. சாய்த்துக்கொண்டே போனால் ஓரளவுக்கு மேல் குண்டு உருண்டு வழியை அடைக்கிறது. தலைகீழாக்கினால் துளியும் கசிவில்லை. கார் கவிழ்ந்தால் பெட்ரோல் கொட்டாமல் இருக்க இதுதான் தேவை. மரைகளும் சுத்தமாக வெட்டப்பட்டிருக்கின்றன.

விளக்கத் தாள்தான் ஆபத்தானது. அதில் உள்ள படம் வால்வை டிக்கிக்குள்ளேயே வைத்துக் காட்டுகிறது! பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து தேங்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஆகவே குழாயின் வாய் வண்டிக்கு வெளியே, சைலன்சருக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். இன்னொன்றையும் தாள் சொல்லவில்லை: வளைவுகளில் டேங்குக்குள் பெட்ரோல் அலையடிப்பதைக் குண்டு தடுக்காது. குழாயை டேங்கிலிருந்து நேராக மேலே ஏற்றி, பெட்ரோல் ஊற்றும் வாயைவிட உயரத்தில் ஒரு வளையம் போட்டுத்தான் கீழே இறக்க வேண்டும். விளிம்புவரை நிரப்பவும் கூடாது. 50 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் பெருகும்.

பெட்டியின்மேல் ‘வாடையை நிறுத்தும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். இது பொய். வெண்கல வடிகட்டி தூசியைத் தடுக்கும், ஆவியை எப்படித் தடுக்கும்? ஆவியைப் பிடித்து வைப்பது கரி. அந்தக் கரியையும் எஞ்சின் அவ்வப்போது உறிஞ்சிக் காலிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது நிரம்பிப்போய்ச் சும்மா கிடக்கும். கேனிஸ்டரைக் கழற்றி எறிந்தவர் எஞ்சினுக்குச் சக்தி கூடும் என்று நம்பியிருப்பார் போலும். கேனிஸ்டர் எந்தச் சக்தியையும் தின்பதில்லை. வீணாகும் பெட்ரோலை எஞ்சினுக்கே திருப்பித் தருகிறது. கடைசியில், வால்வின் தலையிலிருந்த வடிகட்டியைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு குழாய் இணைப்பானைத் திருகி, பழைய கேனிஸ்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினேன். அதற்குப் பிறகுதான் கொட்டகையில் வாடை நின்றது. வடிகட்டியைக் கழற்ற முடிகிற இந்த அமைப்புக்காக வடிவமைத்தவரைப் பாராட்டலாம்.

சாலையில் ஓடும் வண்டிக்கு இதை வாங்க வேண்டாம். அமெரிக்கா உள்படப் பல நாடுகளில் புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்களைக் கழற்றுவதே சட்ட மீறல். புதிய கார்களிலோ கணினியே ஆவிக் கசிவைச் சோதித்து எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும்.

கூடவந்த ஹோஸைப் பயன்படுத்தாதீர்கள். அதன்மேல் எந்தத் தரக் குறியும் இல்லை. பெட்ரோலில் ஊறவைத்த துண்டு உப்பிக் கொழகொழத்துவிட்டது. பெட்ரோல் ஹோஸுக்கான தரக் குறியான எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 அச்சிட்ட ஹோஸை வாங்கி மாற்றினேன். எந்த ரப்பர் என்று விற்றவருக்கு எழுதிக் கேட்டதற்கு, பெட்டியின் புகைப்படத்தைப் பதிலாக அனுப்பியிருக்கிறார்.