எலினோரும் பெஸ்ஸும்: வெள்ளை மாளிகையில் இரு வழிகள்

அமெரிக்க அரசியலமைப்பு அதிபரின் மனைவிக்கு எந்தக் கடமையையும் வரையறுக்கவில்லை. ஆகவே 1945 ஏப்ரலில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் விரித்துவைத்துவிட்டுச் சென்ற இடத்தை, அடுத்த அதிபர் ஹாரி ட்ரூமனின் மனைவி பெஸ் ட்ரூமன் தம் விருப்பம்போலச் சுருக்கிக்கொள்ள முடிந்தது.

எலினோர், கணவர் 1933 மார்ச்சில் பதவியேற்ற இரண்டே நாட்களில் செய்தியாளர்களைச் சந்தித்தார். அதில் பெண்களுக்கு மட்டுமே அனுமதி என்பதால், பத்திரிகைகள் பெண் நிருபர்களை வேலையில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பெஸ் அச்சந்திப்புகளையே கைவிட்டார். எழுதிக் கொடுத்த கேள்விகளுக்குச் செயலாளர் வழியாகச் சுருக்கமான பதில் வரும், அவ்வளவுதான்.

இருவரின் வேறுபாடும் ஒரே அரங்கின் வாசலில் துலக்கமாகத் தெரிகிறது. கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் அரங்கம் மறுக்கப்பட்டபோது, அதன் உரிமையாளரான 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' அமைப்பிலிருந்து எலினோர் 1939இல் விலகினார். 1945இல் கறுப்பினப் பியானோ கலைஞர் ஹேசல் ஸ்காட்டுக்கும் அதே அரங்கம் மறுக்கப்பட்டது. பெஸ்ஸோ, எதிர்ப்புக்கு நடுவிலும், அதே அமைப்பின் தேநீர் விருந்துக்குச் சென்றார். இந்த இடத்தில் அவருடைய அடக்கத்தைப் பாராட்ட என்னால் இயலவில்லை. ஒதுங்கியிருப்பவர் அந்த விருந்திலிருந்தும் ஒதுங்கியிருக்கலாமே.

ஆயினும் பெஸ்ஸைச் செல்வாக்கற்றவர் என்று தள்ளிவிட இயலாது: முக்கிய முடிவுகளை மனைவியோடு கலந்து பேசியதாக ட்ரூமனே சொல்லியிருக்கிறார். என்ன பேசினார்கள் என்பதை முழுமையாக அறிய வழியில்லை. கணவருக்குத் தாம் எழுதிய கடிதங்களில் பெரும்பகுதியை பெஸ் எரித்துவிட்டார்.