மூன்று வயது மால்ட்: போர்பன் பீப்பாயா, ஒயின் பீப்பாயா?

புது டிஸ்டில்லரி (சாராய வடிசாலை) ஒன்றின் முதல் சிங்கிள் மால்ட், அதாவது ஒரே இடத்தில் முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கி, இரண்டு பாட்டில்கள். ஒன்று முன்பு போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் கிடந்தது, வைக்கோல் நிறம். மற்றது சிவப்பு ஒயின் பீப்பாயில் கிடந்தது, செம்பு நிறம். பார்வைக்கு இரண்டாவதுதான் மூத்தது மாதிரி இருக்கும். ஆனால் இரண்டுக்கும் வயது மூன்றுதான். ஸ்காட்லாந்து சட்டப்படி 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் மூன்று வருஷமாவது கிடந்தால்தான் ஸ்காட்ச் என்று பெயர் வைக்கவே முடியும். அந்தக் கோட்டைத் தொட்டதும் பாட்டிலில் அடைத்துவிட்டார்கள். இரண்டும் 46 சதவீதம்.

போர்பன் பீப்பாய்ச் சரக்கை முகர்ந்தால் முதலில் பேரிக்காய், பச்சை ஆப்பிள். அடியில் நனைந்த மாவு வாடை. கிளாஸுக்குள் மூக்கை இன்னும் கொஞ்சம் நுழைத்தால் சுருக்கென்று குத்துகிறது. அவசரப்பட்டு ஒதுக்கிவிட வேண்டாம். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு பத்து நிமிஷம் சும்மா விட்டேன். குத்தல் அடங்கியது, வெனிலாவும் எலுமிச்சைத் தோலும் மெல்ல எழுந்தன. தொண்டையில் இறங்கியபின் சுவை நிற்கவில்லை, சட்டென்று மறைந்தது. வயதுக்கு அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

ஒயின் பீப்பாய் முதல் வாயிலேயே ஆளை மயக்கும்: பழ ஜாம், கிராம்பு, சாக்லேட். பழைய பீப்பாயின் உட்புறத்தைச் சுரண்டி, வாட்டி, மறுபடி கருக்கி எடுக்கும் இந்த வித்தையைப் பரப்பியவர் விஸ்கி நிபுணர் ஜிம் ஸ்வான். தைவானின் கவலான் டிஸ்டில்லரிக்கு ஆலோசனை சொன்னவரும் அவர்தான். 2015இல் உலக விஸ்கி விருதுகளில் சிறந்த சிங்கிள் மால்ட் என்று தேர்வான கவலான், ஒயின் பீப்பாயில் முதிர்ந்ததே. அங்கே வெயில் சீக்கிரமே முதிர வைக்கிறது. என் கிளாஸில் இருந்ததற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மூன்றாவது வாயில் நாக்கு வறண்டது, ரொம்ப நேரம் ஊறிய டீ குடித்தது போல. இனிப்பு விலகியதும் போர்பன் பீப்பாய்ச் சரக்கில் குத்திய அதே முதிராத நெடி எட்டிப் பார்த்தது.

வயதை மறைக்க இன்னொரு வழி பீட் புகை, அதாவது பார்லியை உலர்த்த எரிக்கும் சதுப்பு நிலக் கரிமண்ணின் புகை. பீட் நெடி வருஷம் ஏற ஏறத் தணிந்துபோகும். அதனால் புகைச் சரக்கு இளசிலேயே களை கட்டும். ஸ்காட்லாந்தில் ஐலா தீவின் கில்கோமன், ஃபைஃப் பகுதியின் டாஃப்ட்மில் ஆகிய டிஸ்டில்லரிகள் இரண்டுமே பண்ணையில் அமைந்தவை, 2005இல் வடிக்கத் தொடங்கியவை. புகை மால்ட்டுக்குப் பேர்போன கில்கோமன் 2009இலேயே மூன்று வயதுச் சரக்கை வெளியிட்டது. புகையில்லாத மென்மையான மால்ட் வடிக்கும் டாஃப்ட்மில்லோ 2018 வரை வாயைத் திறக்கவில்லை. முதல் பாட்டிலே 12 வயது. (அந்தப் பொறுமைக்கு முதலாளி விவசாயியாக இருப்பது உதவியிருக்கும்.)

இன்றைக்குக் குடித்து முடிக்க வேண்டுமென்றால் ஒயின் பீப்பாய், மறுபேச்சில்லை. ஆனால் இந்த டிஸ்டில்லரியின் பத்து வயதுச் சரக்குக்குக் காத்திருக்கலாமா என்று தெரிய வேண்டுமானால் போர்பன் பீப்பாயைத்தான் திறக்க வேண்டும். ராத்திரி இரண்டு கிளாஸையும் கழுவாமல் வைத்திருந்தேன். காலையில் முகர்ந்தபோது ஒயின் பீப்பாய் கிளாஸில் வெறும் மரவாசம். மற்றதில் இன்னும் பேரிக்காய் இருந்தது.