கருங்கரடி வேட்டையில் இரைக்குரல் அழைப்பான்: ஆறு இளவேனில்களின் அனுபவம்

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், அம்ப்குவா ஆற்றுப் பகுதியின் மலைக்காடுகளுக்கு ஆறு ஆண்டுகளாக இளவேனிற்காலக் கருங்கரடி வேட்டைக்குச் சென்று வருகிறேன். அடிபட்ட மான்குட்டியின் அலறலை எழுப்பும் வாயால் ஊதும் அழைப்பான் ஒன்று முதல் ஆண்டிலிருந்தே என்னிடம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் மின்னணு அழைப்பான் ஒன்றையும் வாங்கினேன். இரண்டையும் நீண்ட நாள் பயன்படுத்தியபின் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்று உண்டு: எந்தக் கருவி என்பதைவிட, எந்த வாரத்தில் ஊதுகிறோம், எவ்வளவு நேரம் இடைவிடாமல் ஊதுகிறோம் என்பவையே கரடி வருவதையும் வராமற்போவதையும் முடிவு செய்கின்றன.

கரடிக்கு இரை வைத்துக் காத்திருப்பதும், நாய்களை ஏவித் துரத்துவதும் இம்மாநிலத்தில் 1994ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பின் மூலம் தடை செய்யப்பட்டன. ஆகவே பெரும்பாலான வேட்டைக்காரர்கள் எதிர்ச்சரிவில் அமர்ந்து, மரங்கள் வெட்டப்பட்ட வெளிகளைத் தொலைநோக்கியால் மணிக்கணக்கில் துழாவுகிறார்கள். ஆனால் பத்தடிக்கு அப்பால் கண் செல்லாத புதர்க்காட்டில் கரடி படுத்திருந்தால் தொலைநோக்கியால் பயனில்லை. அங்கேதான் குரல் கொடுத்து அழைக்கும் முறை கைகொடுக்கிறது.

இப்பகுதியில் இளவேனில் பருவம் ஏப்ரல் 1 முதல் மே 31 வரை நடைபெறுகிறது. ஏப்ரலில் குகைவிட்டு வெளிவந்த கரடிகள் இளம்புல்லையும் தளிரையும் மேய்ந்துகொண்டிருக்கும். அப்போது எவ்வளவு ஊதினாலும் தலையை நிமிர்த்திப் பார்ப்பதோடு சரி. மே மாதக் கடைசியில் கருவால் மான்களும் எல்க் மான்களும் குட்டி ஈனத் தொடங்குகின்றன. பிறந்த முதல் சில நாட்களில் ஓட முடியாமல் புல்லில் பதுங்கிக் கிடக்கும் அக்குட்டிகளைக் கரடிகள் மோப்பம் பிடித்துத் தேடித் திரிகின்றன. என் அழைப்புக்கு இதுவரை வந்த ஏழு கரடிகளும் மே மாதத்தின் கடைசிப் பன்னிரண்டு நாட்களுக்குள்தான் வந்தன. விடுப்பு எடுக்க ஒரே வாரம்தான் கிடைக்கும் என்பவர்கள், அதை அந்த நாட்களில் எடுத்துக்கொள்வதே சிறந்தது.

முதலாண்டில் நான் செய்த தவறு பலரும் செய்வதுதான். கோயோட்டி (ஓநாய் இனத்தைச் சேர்ந்த சிறு விலங்கு) வேட்டையில் பழகிய நண்பரிடம் கற்றதால், ஒரு நிமிடம் ஊதிவிட்டு மூன்று நிமிடம் அமைதியாக இருந்தேன். ஒருநாள் மாலை, எதிர்ச்சரிவில் தோன்றிய கரடி என் குரலை நோக்கி நேராக இறங்கி வந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் அதுவும் நின்றது. சற்று நேரம் காதுகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிட்டதுபோல அங்கேயே புல் மேயத் தொடங்கியது. மீண்டும் ஊதியபோது இருபது அடி வந்தது. நிறுத்தியதும் மேய்ச்சலுக்குத் திரும்பியது. குரல் தொடர்ந்து கேட்டால் மட்டுமே கரடியின் கவனம் நிலைக்கிறது என்பதை அன்று கண்ணாரக் கண்டேன். அதன்பின் ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது நாற்பத்தைந்து நிமிடம், முடிந்தால் ஒரு மணி நேரம், மூச்சு வாங்கும் இடைவெளி தவிர நிறுத்தாமல் ஊதுகிறேன்.

இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். கால்மணி நேரத்திலேயே கன்னம் வலிக்கும், உதடு மரத்துப்போகும், சிலருக்குத் தலைசுற்றும். நான் முதலில் வாங்கியது, அதிர்ந்து ஓசை எழுப்பும் மெல்லிய தகடான ‘நாக்கு’ குழலுக்குள்ளே மூடியிருக்கும் வகை; எச்சில் இறங்கியதும் நாக்கு ஒட்டிக்கொண்டு, கரடி வந்துகொண்டிருந்த நேரத்தில் ஓசையே எழாமல் போனது. நாதசுரச் சீவாளியைப் போல நாக்கு வெளியே தெரியும் திறந்த வகை அழைப்பானுக்கு மாறியபின் அந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. உதட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, அதே கருவியில் மான்குட்டியின் குரலையும் முயலின் கீச்சலையும் எழுப்பலாம். பழக இரண்டு மாதம் ஆகும்.

மின்னணு அழைப்பானின் பெரிய நன்மை ஓசையின் தரமன்று, இடைவிடாமையும் இடமும்தான். ஒலிபெருக்கியை நாற்பது மீட்டர் தள்ளி வைத்துவிட்டால் கரடியின் பார்வை அங்கே போகிறது. நாம் அசைய முடிகிறது. என் கருவியின் தொலையியக்கியில், வாங்கிய இரண்டாம் ஆண்டே மழைநீர் புகுந்துவிட்டது. இப்போது அதை நெகிழிப் பைக்குள் வைத்தே பயன்படுத்துகிறேன். எந்த விலங்குக்கு மின்னணுக் குரலைப் பயன்படுத்தலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், அந்தந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் படிக்காமல் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

கரடி கண்ணைவிட மூக்கையே நம்புகிறது. மாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழிறங்கும் என்பதால் நான் தாழ்வில் அமர்ந்து மேல்நோக்கிப் பார்க்கிறேன். மேட்டில் அமர்ந்த நாட்களில் என் வாடை எனக்கு முன்பே கரடியிடம் போய்ச் சேர்ந்தது. இரை தேடும் மனநிலையில் உள்ள ஒரு விலங்கை நம்மை நோக்கி வரவழைக்கிறோம் என்பதால் தனியாகச் செல்வதில்லை. துணைவர் எனக்கு முதுகைக் காட்டி அமர்ந்து பின்புறத்தைக் கவனிப்பார். மிளகுத் தெளிப்பான் இருவர் இடுப்பிலும் இருக்கும். வேறொரு வேட்டைக்காரர் குரலைக் கேட்டுத் தவழ்ந்து வரக்கூடும் என்பதால் ஆரஞ்சு நிறத் தொப்பியும் அணிகிறோம்.

ஐந்தாம் ஆண்டில் வந்தது தாய்க்கரடி. இருபத்தைந்து மீட்டரில் அது நின்றபின்தான் பின்னால் இரண்டு சிறு குட்டிகள் தெரிந்தன. ஒரு வயதுக்குட்பட்ட குட்டிகளுடன் இருக்கும் தாயைச் சுடுவது இங்கே சட்டவிரோதம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் சுட்டிருக்கமாட்டேன். ஒலியை நிறுத்தி, மெல்ல எழுந்து, தாழ்ந்த குரலில் பேசினோம். அது பற்களை நறநறத்து மூச்சைச் சீறிவிட்டது; குட்டிகள் மரமேறின; நாங்கள் பின்னோக்கி நடந்து விலகினோம். கரடி தென்பட்டவுடன் துப்பாக்கியை உயர்த்தாமல் இரண்டு நிமிடம் அதன் பின்னால் உள்ள புதரைப் பார்க்கும் வழக்கம் அன்றிலிருந்து ஏற்பட்டது.

என்னை அதைவிட வருத்தியது வேறு. அழைப்பானின் மான்குட்டி அலறலுக்குக் கரடிக்கு முன்பே உண்மையான தாய்மான்கள் ஓடிவருகின்றன. காலைத் தரையில் அடித்து, சீறி, பத்து மீட்டர் தொலைவில் தவித்து நிற்கின்றன. பெண்மான் வந்தால் அந்த இடத்தில் உடனே நிறுத்திவிட்டு வேறு சரிவுக்குப் போகிறேன்.

ஏழில் இரண்டை வீழ்த்தினேன். விதிப்படி பத்து நாட்களுக்குள் மண்டையோட்டை வனவிலங்குத் துறை அலுவலகத்துக்குக் கொண்டுசென்றால், வயதறிய ஒரு பல்லை எடுத்துக்கொள்கிறார்கள். இறைச்சியில் டிரைக்கினெல்லா புழு இருக்கக்கூடும் என்பதால் உட்பகுதி 71 செல்சியசை எட்டும்வரை வேகவைத்தே உண்கிறோம்.

ஆகஸ்டிலேயே தொடங்கும் இலையுதிர்கால வேட்டைப் பருவத்திலும் நான்கு ஆண்டுகள் ஊதிப் பார்த்தேன். குளிர்காலத்துக்குக் கொழுப்பைச் சேர்க்கும் கரடிகள் கருநாவல்போல் பழுத்துக் கிடக்கும் முட்புதர்ப் பழங்களை விட்டு ஒருமுறைகூட வரவில்லை. ஆகஸ்டில் இப்போது அழைப்பான்களை வீட்டில் வைத்துவிட்டு, தொலைநோக்கியோடு அந்தப் பழப்புதர்களுக்கு எதிரே அமர்கிறேன்.