நகரப் பணியாளர்களின் மருத்துவ ஒப்பந்தம்: பெரிய மருத்துவமனையா, தனி கிளினிக்கா, சொந்த மருத்துவரா?

விலைப்பட்டியலை மட்டும் பார்த்தால் எல்லா மருத்துவ ஒப்பந்தங்களும் ஒரே மாதிரிதான் தெரியும். ரத்தப் பரிசோதனைக்கு இவ்வளவு, செவித்திறன் சோதனைக்கு இவ்வளவு, மார்பு எக்ஸ்ரேவுக்கு இவ்வளவு. கூட்டிப் பார்த்து, குறைந்த தொகையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால் ஒப்பந்தத்தைத் தேர்வு செய்யும் குழுவின் வேலை முடிந்தது.

வித்தியாசம் தெரிவது வேறொரு நேரத்தில். இரவு இரண்டு மணி. குப்பை லாரியில் வேலை செய்பவர் ஒரு மூட்டையைத் தூக்குகிறார். உள்ளே யாரோ மருந்து ஏற்றிவிட்டுப் போட்ட ஊசி, கையுறையைத் துளைத்துக்கொண்டு விரலில் ஏறுகிறது. அவர் எந்தக் கதவைத் தட்டுவார்? அந்த நேரத்தில் அது திறந்திருக்குமா? திறப்பவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியுமா?

அந்த ஊசியில் வேறொருவரின் ரத்தம் இருந்திருக்கலாம் என்பதால், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் கடந்துவிட்டால் பொதுவாகத் தொடங்குவதில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி விஷயத்தில் கவலை இன்னும் எளிதாகத் தீரும்: மூன்று தவணை தடுப்பூசி போட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் உருவாகியிருக்கிறதா என்று பார்த்த பதிவு கையில் இருந்தால் போதும். ஆனால் அந்தப் பதிவு யாரிடம் இருக்கிறது? இந்த ஒரு விரலை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வகை ஒப்பந்தத்தையும் அலசப் போகிறேன்.

அதற்கு முன், நகர நிர்வாகம் ஏன் தொழிற்சாலை மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலையில் ஆபத்துகள் ஒரு சில வகைக்குள் அடங்கிவிடும். நகரத்தில் ஒரே சம்பளப் பட்டியலுக்குள் சாக்கடைப் பணியாளர், தீயணைப்பு வீரர், கனரக வாகன ஓட்டுநர், பூங்காவில் பூச்சிமருந்து தெளிப்பவர், மரம் அறுப்பவர், குடிநீர் நிலையத்தில் குளோரின் கையாள்பவர், நாள் முழுக்க கணினி முன் உட்காரும் எழுத்தர் எல்லோரும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஒரே சோதனைப் பட்டியல் நீட்டுகிற நிறுவனத்தை அங்கேயே ஓரம் கட்டிவிடலாம்.

பெரிய மருத்துவமனை

முதலில் அதன் பலம். ஊசிக் குத்துப்பட்டவருக்கு இரவு இரண்டு மணிக்குத் திறந்திருக்கிற கதவு இதுதான். மருந்து, ஆய்வகம், சிறப்பு மருத்துவர் எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஒப்பந்தக்காரர் நடுவில் கடையை மூடிவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயமும் குறைவு.

சிக்கல் பகலில்தான் வரும். பணிசார் மருத்துவம், அதாவது வேலையால் வரும் நோய்களையும் காயங்களையும் கவனிக்கும் துறை, அங்கே பெரும்பாலும் சவலைப் பிள்ளை. ஏற்கெனவே தயாராக இருக்கிற முழு உடல் பரிசோதனைத் தொகுப்பை எடுத்து, மேலே ‘நகரப் பணியாளர் திட்டம்’ என்று பெயர் ஒட்டித் தருவார்கள். நான் பார்த்த ஒரு விண்ணப்பத்தில் கொழுப்பு, தைராய்டு, வைட்டமின் அளவு எல்லாம் இருந்தன. சாலை உடைக்கும் இயந்திரத்தோடு வேலை செய்பவருக்கு செவித்திறன் சோதனை மட்டும் இல்லை. கேட்டபோது, “அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம் சார், கூடுதல் கட்டணம்தான்” என்றார் மருத்துவமனை சார்பில் வந்தவர். சேர்ப்பதா வேண்டாமா என்பது பிறகு. அது முதலிலேயே அவருக்குத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

இன்னொன்றும் உண்டு. சாக்கடையில் இறங்கியவர் நான்கைந்து நாள் கழித்து காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி என்று வந்து நிற்கிறார். அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்கத் தெரிந்தவருக்கு உடனே எலிக்காய்ச்சல் ஞாபகம் வரும். கேட்காதவர் சாதாரண காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்புவார். நோயாளியிடம் தொழிலைக் கேள் என்று 1700-லேயே எழுதி வைத்தவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி. மொடேனாவில் தன் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்த ஒருவர் அவசர அவசரமாக வேலை செய்வதைப் பார்த்து, ஏன் என்று விசாரித்திருக்கிறார். நீண்ட நேரம் உள்ளே இருந்தால் பார்வை போய்விடும் என்று பதில் வந்திருக்கிறது. இந்தத் துறையே அந்தக் குழியோரத்தில் தொடங்கியது என்றுகூடச் சொல்லலாம். மூன்று நூற்றாண்டு கழிந்தும் புறநோயாளி சீட்டில் தொழில் என்ற கட்டம் காலியாகத்தான் கிடக்கிறது.

பணிசார் மருத்துவத்துக்கென்றே இயங்கும் கிளினிக்

இவர்களிடம் பேசினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஓட்டுநருக்குப் பார்வையும் தூக்கத்தில் மூச்சுத்தடையும், சுவாசக் கவசம் அணிபவருக்கு நுரையீரல் திறனும் கவசம் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்ற சோதனையும் என்று அவர்களே பிரித்துச் சொல்வார்கள். போதைப்பொருள் சோதனைக்கான சிறுநீர் மாதிரியை எடுத்து, முத்திரையிட்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கையெழுத்தோடு பதிவதும் இவர்களுக்குப் பழகிய வேலை. இதில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும், வேலை இழந்தவர் வழக்குப் போட்டால் நகரம் தோற்கலாம்.

தரத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, நுரையீரல் சோதனை நடக்கிற அறைக்குப் போய் ஓரமாக நிற்பது. நல்ல டெக்னீஷியன் கத்துவார். “நல்லா இழுங்க… இப்ப வேகமா ஊதுங்கண்ணே, ஊதுங்க, ஊதுங்க, விட்டுடாதீங்க, இன்னும் இருக்கு!” என்று வாய் ஓயாது. ஏற்கத்தக்க ஊதல்கள் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 150 மில்லி லிட்டருக்குள் இருக்க வேண்டும். அது வரும்வரை ஊதுகிறவருக்கும் முகம் சிவக்கும், ஊதச் சொல்பவருக்கும் தொண்டை வறளும். அமைதியாக ஒரே ஊதலில் முடிந்து, அடுத்தவர் கூப்பிடப்படுகிறார் என்றால் அங்கே அச்சாகி வருவது வெறும் காகிதம்.

குறை என்ன? மாலையானால் பூட்டு. இரவுப் பணியாளருக்கும், ஞாயிறன்று குழாய் உடைப்பைச் சரிசெய்யப் போனவருக்கும் இவர்கள் இல்லை. மருத்துவர்கள் அடிக்கடி மாறுவார்கள். பதிவுகள் அவர்களுடைய மென்பொருளுக்குள் அடைபட்டுக் கிடக்கும்.

நடமாடும் பரிசோதனை வண்டி

வண்டி பணிமனைக்கே வருவது பெரிய வசதி. பணியாளர் அரை நாள் விடுப்பு போட வேண்டியதில்லை. ஆனால் சொல்லும் எண்ணிக்கையை ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘ஒரே நாளில் 200 பேருக்கு எல்லாச் சோதனைகளும்’ என்பார்கள். வண்டிக்குள் ஒலி புகாத அறை ஒன்றுதான். செவித்திறன் சோதனைக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் என்று குறைத்தே வைத்தாலும் 200 பேருக்கு 2,000 நிமிடம், அதாவது 33 மணி நேரத்துக்கு மேல். எட்டு மணி நேரத்தில் 48 பேரைத்தான் பார்க்க முடியும். மீதிப் பேருக்கு எப்படி முடிவு வந்தது என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

இன்னொரு ஓட்டை: முதல் செவித்திறன் சோதனைக்கு முன் சுமார் 14 மணி நேரமாவது பணியிட இரைச்சலிலிருந்து காது ஓய்வெடுத்திருக்க வேண்டும். வண்டி பணிமனை வாசலில் நிற்கிறது. இரைச்சலிலிருந்து நேராக எழுந்துவந்து ஹெட்போன் மாட்டினால் காது தற்காலிகமாக மந்தமாகத்தான் இருக்கும். அந்த மந்தம் அடிப்படை அளவாகப் பதிவாகிவிட்டால், பத்து வருடம் கழித்து உண்மையிலேயே காது கேட்காமல் போகும்போது ‘இவருக்கு முன்பே இப்படித்தான்’ என்று ஆவணம் சாட்சி சொல்லும். தடுப்பூசி முகாமுக்கு வண்டி சரி. அதற்கு மேல் அதை நம்ப மாட்டேன்.

பலரை ஒரே பட்டியலில் சேர்ப்பது

நான்கைந்து மருத்துவமனைகளைப் பட்டியலில் வைத்து, தேவைக்கேற்ப அனுப்பும் முறை நிர்வாகத்துக்குப் பிடித்தமானது. ஒருவர் சரியில்லை என்றால் அடுத்தவர். ஊரின் எந்த மூலையில் வேலை செய்பவருக்கும் பக்கத்தில் ஒரு இடம் இருக்கும்.

நடைமுறையில் பொறுப்பு ஆளில்லாத வீடு மாதிரி ஆகிவிடும். இந்த வருடம் ஒரு இடத்தின் கருவி, அடுத்த வருடம் இன்னொரு இடத்தின் கருவி. கேட்கும் திறன் குறைந்ததா, கருவிகள்தான் வேறா என்று யாரும் சொல்ல முடியாது. பணியில் சேரும் முன் தகுதிச் சான்று கொடுப்பதில் எந்த இடம் தாராளம் என்பதும் பணியாளர்களிடையே சீக்கிரமே பரவிவிடும். அங்கே மட்டும் வரிசை நீளும். தீயணைப்பு வேலையைப் புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022-ல் முதல் பிரிவில் வகைப்படுத்தியது. இப்படிப்பட்ட தொழிலில் இருபது முப்பது வருடப் பதிவு ஒரே கோவையில் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஐந்து இடங்களில் சிதறிய கோவை யாருக்கு உதவும்?

நகரத்தின் சொந்த மருத்துவர்

பணியிடத்தை நேரில் பார்த்த ஒரே ஆள் இவராக இருப்பார். சாக்கடைக்குள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு அதிகமானால் அழுகிய முட்டை வாடையே மூக்குக்குத் தெரியாமல் போய்விடும், வாடை இல்லை என்பதால் வாயு இல்லை என்று இறங்கக் கூடாது என்பதைக் கோப்பிலிருந்து தெரிந்துகொண்டவருக்கும், மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்றவருக்கும் வித்தியாசம் உண்டு.

பணியாளர்களின் சந்தேகமும் இவர்மேல்தான் அதிகம். ‘அவர் நிர்வாகத்து ஆள்’ என்று ஒரு முறை பெயர் விழுந்துவிட்டால், முதுகுவலியைக்கூட மறைப்பார்கள். இதற்கு மருந்து ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. பணிசார் சுகாதார சேவைகள் பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 161-வது உடன்படிக்கை, 1985-ல் வந்தது. மருத்துவர்கள் நிர்வாகத்திடமிருந்தும் தொழிலாளரிடமிருந்தும் முழுச் சுதந்திரத்தோடு இயங்க வேண்டும், விடுப்பு எடுத்தவர் உண்மையிலேயே நோயாளியா என்று வேவு பார்க்கும் வேலையை அவர்களிடம் தரக் கூடாது என்கிறது அது. சோதனைகள் கூடியவரை பணி நேரத்திலேயே, இலவசமாக, சம்பள இழப்பில்லாமல் நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எந்த வகை ஒப்பந்தமானாலும் இவற்றை அப்படியே எடுத்து எழுதிவிடலாம். மேலதிகாரிக்குப் போக வேண்டியது ‘தகுதி’, ‘கட்டுப்பாடுகளோடு தகுதி’, ‘தற்போது தகுதியில்லை’ என்ற ஒரு வரி. நோயின் பெயர் அங்கே போகக் கூடாது.

சின்ன நகரத்துக்கு முழுநேர மருத்துவர் கட்டுப்படியாகாது. வாரம் இரண்டு நாள் வருபவர் போதும்.

பணம் கொடுக்கும் முறை

சோதனைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் சோதனைகள் பெருகும். தலைக்கு இவ்வளவு என்றால் ஒவ்வொரு தலைக்கும் செலவாகும் நிமிடங்கள் குறையும். மாதாந்திரத் தொகை என்றால் தொலைபேசி மெதுவாக எடுக்கப்படும். மூன்றிலும் ஓட்டை இருப்பதால் கலந்துதான் போட வேண்டும்: இரவு அழைப்புக்கும் மருத்துவரின் நேரத்துக்கும் மாதத் தொகை, சோதனைகளுக்குத் தனி விலை. கோளாறு தெரிந்தவரை மறுபடி அழைத்து, பார்த்து, முடிவு எழுதி மூடிய கோப்புக்குத் தனிக் கட்டணம். இந்தக் கடைசி வரியைப் பெரும்பாலான விலைப்பட்டியல்களில் தேடினாலும் கிடைக்காது. அதனால்தான் கோளாறு காட்டிய அறிக்கைகள் அலமாரியிலேயே தூங்குகின்றன.

நான் எதற்கு ஓட்டுப் போடுவேன்

முழு வேலையையும் ஒருவரிடம் கொடுக்க மாட்டேன். முடிவெடுக்கும் மூளை நகரத்திடம் இருக்க வேண்டும்: சொந்தமாகவோ பகுதிநேரமாகவோ ஒரு பணிசார் மருத்துவர். சோதனை செய்யும் கைகளை தனி கிளினிக்கிடம் வாங்கலாம். ராத்திரிக் கதவுக்கு பெரிய மருத்துவமனை. அவசரச் சிகிச்சைக்கு மட்டும். மூன்று ஒப்பந்தம் என்றால் கணக்குப் பிரிவு முகம் சுளிக்கும், சுளிக்கட்டும். ஒற்றை ஒப்பந்தம்தான் என்று மேலிடம் பிடிவாதமாக இருந்தால், கிளினிக்கை முதன்மையாக வைத்து, இரவுச் சேவைக்கு மருத்துவமனையோடு எழுத்துப்பூர்வ ஏற்பாடு காட்டச் சொல்வேன். மலிவான மருத்துவமனைத் தொகுப்பு எனக்குக் கடைசி இடம்தான்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு நிபந்தனையில் இறங்கி வர வேண்டாம். ஒப்பந்தம் முடியும் நாளில் எல்லாச் செவித்திறன் வரைபடங்களும், நுரையீரல் அளவுகளும், தடுப்பூசிப் பதிவுகளும் நகரத்தின் மருத்துவரிடம், வேறு எந்த மென்பொருளிலும் திறக்கும் வடிவத்தில், கட்டணமில்லாமல் வந்து சேர வேண்டும். இதற்கு ‘பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்பவர் பிறகு பேச மாட்டார்.

கையெழுத்துக்கு முந்தைய வாரத்தில், வேலை நாளாகப் பார்த்து, இரவு இரண்டு மணிக்கு அவர்கள் கொடுத்த அவசர எண்ணை அழையுங்கள். சோதனை அழைப்பு என்று முதலிலேயே சொல்லிவிடலாம். ‘குப்பை எடுக்கிறவர், விரலில் ஊசி குத்திவிட்டது, இப்போது எங்கே வர வேண்டும்?’ என்று மட்டும் கேளுங்கள். எத்தனை முறை மணி அடித்த பிறகு எடுத்தார்கள், எத்தனை பேருக்கு இணைப்பை மாற்றினார்கள், விரலை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவச் சொன்னார்களா என்பதையெல்லாம் ஒரு காகிதத்தில் குறித்து, விலைப்பட்டியலோடு சேர்த்துப் பின் அடித்துக் குழுவுக்கு அனுப்புங்கள்.