பிரையன் மே ஸ்பெஷல் கிட்டார்: விஷயம் ஆறு சுவிட்சில் இருக்கிறது

ராக் இசை மேதைகள் என்றால் விரல் வேகத்தைத்தான் பலரும் முதலில் பேசுவார்கள். குவீன் குழுவின் பிரையன் மேயை அந்தக் கணக்கில் அளக்க முடியாது. நல்ல கிட்டார் வாங்க வசதியில்லாததால், 1963இல் அப்பா ஹாரால்டுடன் சேர்ந்து சொந்தமாக ஒன்றைச் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரம், சுருதியை ஏற்றி இறக்கும் டிரெமோலோ அமைப்புக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங், ஃபிரெட் (கழுத்தின் குறுக்குக் கம்பி) இடங்களைக் காட்டும் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான். அதுதான் ‘ரெட் ஸ்பெஷல்’. 2016 சிங்கப்பூர் ஃபார்முலா 1 கார்ப்பந்தய இரவில் பாடாங் திடலில் நின்று கேட்டவர்களுக்கு அந்த ஒலி மறந்திருக்காது. அதன் தொழிற்சாலை வடிவமாக அவருடைய நிறுவனம் விற்பதுதான் பிரையன் மே ஸ்பெஷல்.

தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப் இதில் மூன்று: கழுத்தருகே ஒன்று, நடுவில் ஒன்று, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் அருகே ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுவிட்ச்: ஒன்று ஆன்/ஆஃப், மற்றது ஃபேஸ், அதாவது அந்தச் சைகையின் அலையைத் தலைகீழாக்குவது. வழக்கமான ஸ்ட்ராட்டில் (ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) இரண்டு பிக்கப்பைச் சேர்த்தால் அவை பக்க இணைப்பில் வேலை செய்யும். இதிலோ தொடர் இணைப்பு. அதனால் ஒவ்வொரு பிக்கப்பைச் சேர்க்கும்போதும் ஒலி தடித்து, ஆம்ப்பை (ஒலிபெருக்கியை) இன்னும் பலமாகத் தள்ளும். பிரிட்ஜும் நடுவும் ஒரே ஃபேஸில் இருப்பது மே அதிகம் பயன்படுத்தும் அமைப்பு. கழுத்தும் நடுவும் எதிர் ஃபேஸில் இருந்தால் அடித்தள ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மேல் சுருதிகள் மட்டும் கூர்மையாகப் பாடும். 1975இல் வந்த ‘பொஹீமியன் ராப்சடி’ சோலோவின் குரல் அதுதான். அதே ஆண்டு ‘குட் கம்பெனி’ பாட்டில் ஒரு ஜாஸ் குழுவின் கிளாரினெட், டிராம்போன் எல்லாவற்றையும் கிட்டாரிலேயே வாசித்து அடுக்கினார். மேதை என்ற சொல்லுக்கு எனக்கு இந்த ஒரு பாட்டு போதும்.

சங்கடமும் இதே சுவிட்சுகளில்தான். சொன்ன முதல் அமைப்பிலிருந்து இரண்டாவதற்குப் போக மூன்று சுவிட்சைத் தள்ள வேண்டும். பாட்டின் நடுவே அது எளிதல்ல. மூன்றும் ஆஃப் ஆகிவிட்டால் சத்தமே வராது. ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 சதவீதத்தைத் தாண்டும் நம் ஊரில் சுவிட்சின் உள்தகடு கறுத்துக் கரகரக்கும். காண்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்து இருபது முறை முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தந்தி நீளம் 24 அங்குலம். ஃபெண்டரின் 25.5 அங்குலத்தோடு ஒப்பிட்டால், அதே தந்திக்கு அதே சுருதியில் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைவு. 9-42 தந்தி (தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 9 முதல் 42 வரை) மெத்தென்று வளையும், ஆனால் கை அழுத்தம் கூடினால் சுருதி ஏறிவிடும். 10இல் தொடங்கும் தடித்த தந்திக்கு மாறினால் பின்பக்க ஸ்பிரிங்கையும் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிட்ஜ் முன்னால் சாயும்.

தந்தியை மீட்டும் சிறு தகடான பிக்குக்குப் பதில் மே பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிப்பவர். அதன் வரி விளிம்பு தந்தியை உரசும் கரகரப்பு அந்த ஒலியில் ஒரு பங்கு. 2013க்கு முந்திய வரிசையின் நம் 20 காசு, செப்பு நிக்கல் கலவை, விளிம்பில் வரி உண்டு, நன்றாகவே உதவும். புதியது பூச்சிட்ட எஃகு என்பதால் தந்தியைச் சீக்கிரம் தின்றுவிடும்.

அவருடைய வாக்ஸ் ஏசி30 ஆம்ப் முழு வால்யூமில் ஓடுவது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அதற்கு வழியே இல்லை. ஏசி30 மாதிரி உள்ள டிஜிட்டல் ஆம்ப்பும் ஹெட்ஃபோனும் போதும், ஆனால் மேல் சுருதிகளைத் தூக்கிக் கொடுக்கும் ட்ரெபிள் பூஸ்டர் கருவியை விட்டுவிடாதீர்கள். கிட்டாரிலிருந்து வரும் கேபிள் நேராக அதற்குள் போக வேண்டும். நடுவே பஃபர் (கிட்டாரின் சைகையை வலுப்படுத்தி அனுப்பும் சுற்று) உள்ள பெடல் இருந்தால், கிட்டாரின் வால்யூமைக் குறைக்கும்போது ஒலி தெளியும் அழகு கெட்டுவிடும்.

எல்லாப் பாட்டுக்கும் ஒரே கிட்டார் தேடுபவருக்கு இது சரிப்படாது. அந்த ஒலி எப்படிப் பிறக்கிறது என்று அறிய ஆசைப்படுபவர் தயங்காமல் வாங்கலாம்.

பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் பழையது பார்க்கப் போனால், ஒரு பிக்கப்பை மட்டும் ஆன் செய்து அதன் ஃபேஸைத் தள்ளுங்கள். ஒலி மாறக்கூடாது. அடுத்து இரண்டை ஆன் செய்து ஒன்றின் ஃபேஸைத் தள்ளினால் ஒலி உடனே மெலிய வேண்டும், மெலியாவிட்டால் சுவிட்சிலோ வயரிங்கிலோ கோளாறு. கடைசியாகக் கழுத்தின் தலைப்பக்கத் தொடக்கத்தில் இருக்கும் ஜீரோ ஃபிரெட்டைப் பாருங்கள். தந்திகள் எப்போதும் அதன்மேல் உராய்வதால் முதலில் தேய்வது அதுதான். குழி ஆழமாக இருந்தால், மாற்றும் கூலியைக் கழித்தே விலை பேசுங்கள்.