ஸ்டீராய்டிலிருந்து டாக்ரோலிமஸ் வரை: என் மகன் கண்ணோடு ஆறு கோடை

பங்குனி பிறந்தால் என் மகன் கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடுவான். ஏழு வயதில் தொடங்கியது, இப்போது பதிமூன்று. காலையில் இமையைத் திறந்தால் பீளை நூல் நூலாக வரும். டாக்டர் மேல் இமையைப் புரட்டிக் காட்டினார். உள்ளே கூழாங்கல் பதித்ததுபோல் மேடுமேடாக இருந்தது. வெர்னல் கண் அலர்ஜி. வெயில் ஊர்களில், அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு அதிகம்.

முதலில் ஸ்டீராய்டு சொட்டு. இரண்டே நாளில் கண் தெளிந்தது. அந்த நிம்மதியில் சீட்டே இல்லாமல் மருந்துக்கடையில் மறுபடி மறுபடி வாங்கி ஊற்றினேன். ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால், ஸ்டீராய்டால் கண் அழுத்தம் (கண்ணுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம்) 30! 21-க்குள் இருக்க வேண்டியது. வலியில்லை, பார்வை மங்கவில்லை, அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இதைப் படிக்கும் அம்மா அப்பாக்கள் தயவுசெய்து ஸ்டீராய்டை நீங்களாகத் தொடராதீர்கள்.

பிறகு சைக்ளோஸ்போரின் 0.05% சொட்டு, தினம் நான்கு வேளை. மூன்று வாரம் எந்த மாற்றமும் இல்லை. இது மெதுவாகத்தான் பிடிக்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருக்காவிட்டால் நிறுத்தியிருப்பேன். போட்டதும் கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். அழுத்தம் ஏறவில்லை. இரண்டு கோடை சமாளித்தோம். பள்ளிக்கூடத்தில் மத்தியான வேளை அடிக்கடி விட்டுப்போகும்.

மூன்றாவது சித்திரையில் கருவிழியில் புண் வந்துவிட்டது. வெளிச்சத்துக்குக் கண் கூசி ஜன்னல் பக்கமே திரும்பமாட்டான். புண் ஆறியபின் டாக்ரோலிமஸ் 0.03% களிம்புக்கு மாற்றினார்கள். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் இரண்டுமே உறுப்பு மாற்று சிகிச்சைக்கு வந்த மருந்துகள். அலர்ஜியைத் தூண்டும் டி செல்களை (ஒருவகை நோய் எதிர்ப்பு செல்கள்) அடக்குபவை. சைக்ளோஸ்போரின் கேட்காத பிள்ளைகளுக்கு டாக்ரோலிமஸ் கேட்டதாக ஆய்வுகள் இருக்கின்றன. ஜப்பானில் 2008 முதல் இந்த நோய்க்கென்றே 0.1% டாக்ரோலிமஸ் சொட்டு இருக்கிறது.

கீழ் இமையை இழுத்து, அரிசி அளவு வைக்க வேண்டும், இரண்டு வேளை. முதல் நான்கு நாள் "மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி இருக்கும்மா" என்று அழுதான். கூடவே நானும் அழுதேன். ஐந்தாம் நாள் எரிச்சல் குறைந்தது, பத்தாம் நாள் கசக்குவதே நின்றது. களிம்பு என்பதால் அரைமணி நேரம் பார்வை மங்கும். காலையில் சீக்கிரம் எழுப்பிப் போட்டுவிடுவேன். கண்ணில் அக்கி வந்தவர்கள் டாக்டரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் அனுபவத்தில் டாக்ரோலிமஸ்தான் வேகம். லேசான நோய்க்கு சைக்ளோஸ்போரினே போதும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

போன மாதம் அழுத்தம் 16. கசக்கிக் கசக்கிக் கருவிழி கூம்பாகிவிடுமோ என்று வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறோம், இதுவரை மாற்றமில்லை. இப்போது ராத்திரி ஒரு வேளைதான். கையைக் கழுவிக் கண்ணாடி முன் நின்று அவனே போட்டுக்கொள்கிறான்.