அத்தைக்குத் தேவை போன், அவர்கள் விற்பது இணையம்

இங்கே மலேசியாவில், பகாவ் ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு எந்த ஃபைபர் இணையம் போடலாம், வீட்டுப் போனும் சேர்த்துத் தருகிறார்களே அது நல்லதா என்று தோழி ஒருத்தி கேட்டிருந்தாள். வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தால் அது நீண்டுகொண்டே போனது. வயதானவர்களை ஊரில் விட்டுவிட்டு கிள்ளானிலும் ஜொகூரிலும் வேலை பார்க்கும் எங்களைப் போன்ற பலருக்கும் உதவுமே என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் அத்தை வீட்டுக்கு நான்தான் விசாரித்துப் போட்டுக் கொடுத்தேன். 24 மாத ஒப்பந்தம், முடியும் தறுவாயில் இருக்கிறது. அண்மையில்தான் ஒரு பழுது வந்து சரியானது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதையும் மனதில் வைத்தே படியுங்கள்.

இணையத்தின் வேகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. 100 எம்பிபிஎஸ் அத்தைக்குத் தேவைக்கு மேல். காலையில் யூடியூபில் சுப்ரபாதம், சாயங்காலம் நாடகம், தீபாவளிக்கு நாங்கள் எல்லாரும் போய் இறங்கினால் ஒரு கூடை கைத்தொலைபேசிகள். எதற்கும் அது திணறியதில்லை. இந்த விஷயத்தில் நூற்றுக்கு நூறு.

ஆனால் அத்தைக்கு வேண்டியது போன். எழுபத்தொன்பது வயது. தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் போன் என்றால் ஆபீசில் ஒன்று, பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், வீட்டில் ஒன்று. லயத்தில் யாருக்காவது சாவுச் செய்தி வந்தால் ஆபீஸ் பையன் சைக்கிளில் வந்து சொல்வான். தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் தாமான் வீட்டுக்கு வந்தபோது மாமா முதலில் போட்டது போன் லைன்தான், ஃபிரிட்ஜ்கூட அதற்கப்புறம்தான் வந்தது. மாமா போய்ச் சேர்ந்த பிறகு அத்தைக்குத் துணை என்றால் அந்த மேசை போன்தான். கைத்தொலைபேசியும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், அது சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடக்கிறது. இருந்தும் என்ன, வீடு பள்ளத்தில், பின்னால் செம்பனை. சமையல்கட்டு வாசலில் நின்றால்தான் ஒரு கோடு சிக்னல் காட்டும்.

பழைய லைனை ஏன் விட்டோம் என்றால், செம்புத் திருட்டு. தோட்டப் பாதையோரம் போகும் கம்பியை ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மறுபடி இழுத்தால் மறுபடி வெட்டு. ஃபைபரில் இருப்பது கண்ணாடி இழை, பழைய இரும்புக் கடையில் அதற்குக் காசு கிடையாது. இந்த ஒரு காரணமே ஃபைபருக்கு மாறப் போதும். எண் மாறிப்போனது மட்டும் அத்தைக்கு வருத்தம். புது எண்ணைக் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதிப் போனுக்கு மேலே ஒட்டி வைத்தோம். பழைய எண்ணையே தக்கவைக்க முடியுமா என்பதை நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜண்ட் வாயால் சொல்வது கணக்கில் வராது.

எந்த நிறுவனம் என்பதற்கு வருகிறேன். விளம்பரத்தில் யூனிஃபை, மெக்சிஸ், செல்காம்டிஜி என்று வரிசையாக வரும். டைம் பெரும்பாலும் மாடிக் குடியிருப்புகளுக்குத்தான். சில ஊர்களில் மின்சார நிறுவனமான தெனாகாவின் துணை நிறுவனம் அல்லோவின் ஃபைபரும் உண்டு. கோலாலம்பூரில் இருப்பவர்கள் இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை பார்ப்பார்கள். தோட்டப்புற டவுனில் அந்த வசதி கிடையாது. தெருவுக்கு வருவது பெரும்பாலும் ஒருவருடைய கம்பிதான், மற்றவர்கள் அதே கம்பியை மொத்தமாக வாடகைக்கு எடுத்துத் தங்கள் பெயரில் விற்பார்கள். அப்படி இருக்கும்போது கோளாறு வந்தால் யார் போனை எடுப்பார்கள், யார் வீட்டுக்கு வருவார்கள் என்பது ஒன்றுதான் பார்க்க வேண்டிய வித்தியாசம். அதோடு, பக்கத்துத் தெருவில் ஃபைபர் இருப்பதால் நம் தெருவிலும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கம்பி வாசல் வரை வந்திருந்தும் தெருப் பெட்டியில் போர்ட், அதாவது இணைப்பு இடம், நிரம்பிவிட்டது என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. வீட்டு எண்ணோடு முழு முகவரியைக் கொடுத்துச் சரிபாருங்கள்.

நாங்கள் எடுத்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பழுதுக்கு முன்புவரை அவர்களைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நல்லதையும் சொல்லிவிட வேண்டும்.

குரல்! இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பழைய லைனில் மழை வந்தால் ஒரே இரைச்சல், இணைப்புகளில் தண்ணீர் இறங்கி அப்பளம் பொரிகிற மாதிரி சத்தம் வரும். அத்தைக்கு ஏற்கெனவே இடது காது மந்தம். நாங்கள் கத்துவோம், அவர் "என்னா, என்னா" என்பார், கடைசியில் "சரி பிள்ள, சாப்பிட்டியா, வச்சிடு" என்று முடியும். இப்போது போன் சத்தம் இழையில் எண்களாகப் போய் எண்களாகவே வருகிறது, நடுவில் மழை புக வழியில்லை. அதே பழைய பெரிய பட்டன் போன்தான், ரூட்டரின் பின்னால் இருக்கும் போன் ஓட்டையில் செருகியிருக்கிறோம், அவ்வளவே. அத்தை இப்போது அரை மணி நேரம் பேசுகிறார். என் மகள் பேசும் தமிழில் ழகரம் சரியில்லை என்று கண்டுபிடித்துத் திருத்துகிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு அந்த எழுத்தே காதில் விழுந்திருக்காது. இதற்காக அந்த நிறுவனத்துக்கு மனதார நன்றி சொல்வேன்.

கம்பி இழுக்க வந்த தம்பியும் பொறுமைசாலி. ரூட்டரை ஹாலில் டிவி பக்கம் வைப்பதுதான் அவர்கள் வழக்கம். போன் அத்தையின் கட்டில் பக்கம் வேண்டும் என்றதும், வெளியிலிருந்து வரும் பழைய லைனைக் கழற்றிவிட்டு, ரூட்டரின் போன் ஓட்டையை வீட்டுக்குள் ஏற்கெனவே ஓடும் பழைய வயரோடு சேர்த்துக் கொடுத்தார். இப்போது ஹாலிலும் அறையிலும் பழைய சாக்கெட்டுகள் இரண்டுமே வேலை செய்கின்றன. இதைக் கேட்காமல் விட்டால் யாரும் தானாகச் செய்ய மாட்டார்கள், கட்டாயம் கேளுங்கள்.

இனி மனத்தாங்கல்.

முதலாவது, கரண்டு. பழைய செம்புக் கம்பியில் போனுக்கு வேண்டிய 48 வோல்ட் எக்ஸ்சேஞ்ச் எனும் தொலைபேசி நிலையத்திலிருந்தே வரும், அங்கே பேட்டரி இருக்கும். ஊரே இருண்டு கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் "ஊ" என்று சத்தம் கேட்கும். ஃபைபரில் சுவரில் இருக்கும் பெட்டியும் ரூட்டரும் நம் வீட்டுக் கரண்டில் ஓடுபவை. கரண்டு போனால் போனும் போச்சு, 999-ஐக்கூட அழைக்க முடியாது. பேராக்கில் சாயங்கால மழையும் இடியும் எப்படி என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை விற்க வந்தவர் சொல்லவில்லை, ஒப்பந்தத்தில் பெரிய எழுத்தில் இல்லை. தனியாக இருக்கும் முதியவர் வீடு என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டது எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை.

இதற்கு வழி உண்டு, விலையும் அதிகமில்லை. கரண்டு போனால் பெட்டிகளை ஓட்டும் சின்ன பேட்டரி, 12 வோல்ட் மினி யூபிஎஸ், ஷாப்பி இணையக் கடையில் கிடைக்கிறது. சுவர்ப் பெட்டிக்கு ஒன்று, ரூட்டருக்கு ஒன்று என இரண்டு வெளியீடு உள்ளதாகப் பாருங்கள். வாங்கும் முன் இரண்டு அடாப்டர்களின் முதுகிலும் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், யூபிஎஸ் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். தெருவில் இழையைப் பிரிக்கும் பெட்டிக்குக் கரண்டே வேண்டாம், அது வெளிச்சத்தைப் பங்கிட்டு அனுப்பும் வெறும் கண்ணாடி. ஆகவே நம் வீட்டுப் பெட்டிகள் உயிரோடு இருந்தால், தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் போன் பேசும். அத்தை வீட்டில் அப்படித்தான் பேசுகிறது. வயர் இல்லாத போன் வேண்டாம், அதன் அடித்தட்டுக்கும் தனியாகக் கரண்டு வேண்டும்.

இரண்டாவதுதான் அண்மைய பழுது. நல்ல இடி ஒன்றில் ரூட்டர் போய்விட்டது. இடிக்கு நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. ஆள் வந்தார், புது ரூட்டர் வைத்தார், டிவியில் யூடியூப் ஓடியது, போய்விட்டார். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எனக்குக் குறுஞ்செய்தியும் வந்தது. ஆனால் அத்தையின் போன் செத்துக் கிடந்தது. அவரால் என்னை அழைத்துச் சொல்லவும் முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் கைத்தொலைபேசியில் அழைத்து அத்தையிடம் கொடுத்தார். "எல்லா லைட்டும் எரியுது பிள்ள, அந்தப் போன் படம் போட்ட லைட்டு மட்டும் எரியல" என்றார் அத்தை. கோளாறு அதுதான். புது ரூட்டரில் இணையக் கணக்கை ஏற்றியவர் போன் கணக்கை ஏற்றவில்லை. இரண்டும் தனித்தனியாக ஏற்ற வேண்டியவை. எழுபத்தொன்பது வயதில் கண்ணாடி போட்டுப் பார்த்து அத்தை கண்டுபிடித்ததை, கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை.

உதவி எண்ணை அழைத்தேன். மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, பாட்டு, காத்திருப்பு. "இணையம் வேலை செய்கிறதா?" "செய்கிறது, போன்தான் இல்லை." "இணையம் வேலை செய்தால் இங்கே கோளாறு எதுவும் காட்டவில்லையே." அடுத்த முறை வேறொருவர், அதே கேள்வி, அதே பதில். புகார் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. பேசியவர்கள் யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் திரையில் போனுக்கென்று ஒரு கட்டமே இல்லை போலிருக்கிறது. கடைசியில் தொழில்நுட்பப் பிரிவில் ஒருவர் தூரத்திலிருந்தே கணக்கை ஏற்றிவிட்டார். சில நிமிட வேலை! அதற்காக ஒரு முதியவர் பல நாள் போன் இல்லாமல் இருந்தார். அவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, இரண்டும் உண்டு.

புகார் எண்ணை எழுதி வையுங்கள். நிறுவனத்திடம் முதலில் புகார் செய்து அந்த எண்ணைக் கையில் வைத்திருந்தால்தான் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் போவதற்கு வலு இருக்கும். கணக்கை யார் பெயரில் திறப்பது என்பதையும் யோசியுங்கள். அத்தையின் ஐசியில் (அடையாள அட்டையில்) திறந்திருந்தால் ஒவ்வொரு முறையும் அத்தையைப் பேசச் சொல்வார்கள், பசார் மலாயில் அவர் ரூட்டரைப் பற்றி என்ன சொல்வார்? என் பெயரில் கணக்கு, அவர் முகவரியில் இணைப்பு என்று வைத்ததால்தான் இந்தச் சண்டையையே என்னால் போட முடிந்தது.

பில் சீராக வருகிறது, ஒளித்து வைத்த கட்டணம் எதையும் பார்க்கவில்லை. 6 விழுக்காடு சேவை வரி உண்டு. 2024 மார்ச்சில் மற்ற பல சேவைகளுக்கு 8 ஆனபோதும் தொலைத்தொடர்புக்கு அது ஏறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுப் போன் உள்ள முதியவர்களைத் தேடித்தான் மோசடிக்காரர்கள் வருகிறார்கள். நீதிமன்றம், போலீஸ், வருமான வரி என்று மலாயில் அதட்டுவார்கள். எண் காட்டும் திரையுள்ள போனாக வாங்குங்கள். தெரியாத எண் என்றால் எடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். 2022-இல் வந்த தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை 999-க்குக் கீழே அதே அட்டையில் எழுதி ஒட்டுங்கள். பணம் கைமாறியிருந்தால் தாமதிக்காமல் அழைக்க வேண்டும்.

ஆக, குரல் அருமை, இணையம் திணறியதே இல்லை, விலை நியாயம், கம்பி இழுத்தவர் தங்கமானவர். இருந்தும் ஒப்பந்தம் முடிந்ததும் இந்த நிறுவனத்தை விட்டு விலகப் போகிறேன். எண் மறுபடியும் மாறும், அட்டை மறுபடியும் எழுத வேண்டும், அத்தை முணுமுணுப்பார். புதிதாக வருகிறவரும் இப்படியே செய்யலாம், தெரியும். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

தோழிக்கு: ஃபைபர் போடு, தயங்காதே. மினி யூபிஎஸ் சேர்த்தே வாங்கு. ஏஜண்ட் வந்து வேகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தி, "இணையம் ஓடி, போன் மட்டும் செத்தால் அதைத் தனிப் புகாராக எடுப்பீர்களா, எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்?" என்று கேள். பதிலை எழுத்தில் தருகிறவரிடம், வேகம் பாதியாக இருந்தாலும் பரவாயில்லை, கையெழுத்துப் போடு.